டீபக்கரை ஏஐ ஏஜென்டிடம் ஒப்படைக்கும் முன்: ஆவணம் எழுதும் முறை

க்ளாட் கோட், கோடெக்ஸ், கர்சர் போன்ற ஒரு கோடிங் ஏஜென்டிடம் சி நிரல் ஒன்றைக் கொடுத்து, "இது ஏன் க்ராஷ் ஆகிறது, பார்" என்று சொல்லிப் பாருங்கள். நிரலை ஓட்டும். செக்மென்டேஷன் ஃபால்ட் (தொடக்கூடாத மெமரியைத் தொட்டதால் வரும் பிழை) வரும். உடனே நாலு இடத்தில் மதிப்பை அச்சிடும் பிரின்ட்எஃப் வரிகளைச் செருகி மறுபடி கம்பைல் செய்யும். "ஜிடிபி இருக்கிறதே" என்று, ஓடும் நிரலை நிறுத்தி உள்ளே பார்க்க உதவும் அந்த டீபக்கரை நீங்கள் நினைவூட்டினால் அதைத் திறக்கும். ஜிடிபி தன் ப்ராம்ப்டைக் காட்டிவிட்டு அடுத்த கட்டளைக்காகக் காத்திருக்கும். ஏஜென்டோ கட்டளை முடியட்டும் என்று காத்திருக்கும். கடைசியில் நேர வரம்பு தீர்ந்து, ஷெல் எல்லாவற்றையும் நிறுத்திவிடும். பிறகு மறுபடியும் பிரின்ட்எஃப்தான்.

இதற்கு மாடலின் அறிவுக்குறைவு காரணமில்லை. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986இல் ஜிடிபியை எழுதியது டெர்மினல் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகத் தட்டும் மனிதருக்காக. அதன் பின் வந்த டீபக்கர்களும் அந்த வழியில் வந்தவையே. ஏஜென்டுக்கு வேண்டியது வேறு: ஒரு கட்டளை, அதற்கு ஒரு பதில், தானாக வெளியேறுதல். இந்த இடைவெளியை நிரப்பும் ஆவணத்தை எப்படி எழுதுவது என்பதை லினக்ஸ், சி, ஜிடிபி ஆகியவற்றை வைத்துச் சொல்கிறேன். மற்ற நிரல்மொழிக்காரர்களுக்கும் நடுவில் கொஞ்சம் இருக்கிறது. கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். தட்டும்போது வழக்கமான ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

எதை எழுத வேண்டாம்

ஜிடிபி கையேட்டைச் சுருக்கி எழுத உட்காராதீர்கள். பிரேக்பாயின்ட் (நிரலை நிறுத்தும் இடம்) என்றால் என்ன, பேக்ட்ரேஸ் (எந்த ஃபங்ஷன் எதை அழைத்து இங்கே வந்தது என்ற பட்டியல்) எப்படி எடுப்பது என்பதெல்லாம் மாடல் ஏற்கெனவே படித்தவை. அவற்றை மறுபடி எழுதினால் ஏஜென்டின் கான்டெக்ஸ்ட்தான், அதாவது ஒரே நேரத்தில் அது நினைவில் வைத்திருக்கக்கூடிய இடம்தான், வீணாக நிரம்பும். முக்கியமான வரி நடுவில் புதைந்துபோகும்.

மாடலுக்குத் தெரியாதது உங்கள் ப்ராஜெக்ட்: எந்தக் கட்டளையில் பில்ட் ஆகிறது, பைனரி எந்த ஃபோல்டரில் விழுகிறது, சோதனைக்கான இன்புட் எங்கே இருக்கிறது, கண்டெய்னருக்குள் டீபக்கர் ஓட அனுமதி உண்டா. ஒரு வரியை எழுதும் முன், "இந்த ரிப்போவைப் பார்க்காத ஒரு நல்ல சி புரோகிராமருக்கு இது தெரிந்திருக்குமா?" என்று கேளுங்கள். தெரிந்திருக்கும் என்றால் அந்த வரி வேண்டாம்.

முதல் படி: சூழலைச் சோதித்து எழுதுங்கள்

டீபக் பில்டுக்கு என்று தனிக் கட்டளை ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். டீபக் தகவலைச் சேர்க்கும் -ஜி கொடியும் ஆப்டிமைசேஷனை நிறுத்தும் -ஓ0 கொடியும் போட்டு, வேறு ஃபோல்டரில் விழுகிற மாதிரி. "மேக் டீபக் என்று ஓட்டு, பைனரி பில்ட்-டீபக் ஃபோல்டரில் இருக்கும், ரிலீஸ் பைனரியை டீபக்கரில் திறக்காதே" என்று மூன்று வாக்கியம் போதும். இதை எழுதாவிட்டால் ஏஜென்ட் கைக்குக் கிடைத்த ஆப்டிமைஸ் செய்த -ஓ2 பைனரியைத் திறக்கும். மாறிகளின் மதிப்புக் கேட்ட இடமெல்லாம் "ஆப்டிமைஸ்டு அவுட்" என்றே வரும். அதைப் பார்த்துவிட்டு மதிப்பை ஊகிக்க ஆரம்பிக்கும். ஊகித்தது சரியாக இருந்தால்கூட உங்களுக்கு அது தெரியாது.

அடுத்தது அனுமதி. டாக்கர் கண்டெய்னருக்குள் ஓடுவதாக இருந்தால், கண்டெய்னரைத் தொடங்கும்போது பிற ப்ராசஸைக் கவனிக்க விடும் எஸ்ஒய்எஸ்_பிட்ரேஸ் என்ற அனுமதியைச் சேர்க்க வேண்டியிருக்கலாம். "அட்ரஸ் ஸ்பேஸ் ராண்டமைசேஷனை நிறுத்த முடியவில்லை" என்று ஜிடிபி எச்சரித்தால் பொதுவாக, சில கெர்னல் அழைப்புகளைத் தடுக்கும் செக்காம்ப் விதிதான் காரணம். கண்டெய்னர் இல்லாத உபுண்டுவில் ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸோடு இணைய முயன்றால் யாமா என்ற கெர்னல் பாதுகாப்பு மாட்யூல் குறுக்கே நிற்கும்: பிட்ரேஸ்_ஸ்கோப் என்ற கெர்னல் அமைப்பு அங்கே இயல்பாக 1. அதாவது, டீபக்கர் தானே தொடங்காத ப்ராசஸைச் சாதாரண யூசர் தொட முடியாது. இந்தப் பிழைகள் வந்தால் ஏஜென்ட் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தெளிவாக எழுதுங்கள். என் பரிந்துரை: "சூடோ போடாதே, கெர்னல் அமைப்பை மாற்றாதே, நிறுத்திவிட்டு என்னிடம் சொல்." இல்லையென்றால் பிழையைச் சரிசெய்யும் ஆர்வத்தில் பாதுகாப்பையே தளர்த்திவிட்டு, வேலை முடிந்தது என்று வந்து நிற்கும்.

இரண்டாம் படி: க்ராஷுக்கு ஒரு செய்முறை

ஆவணத்தில் வேறு எதுவும் இல்லாவிட்டாலும் இது ஒன்று இருக்க வேண்டும். பில் வரிகளை சிஎஸ்வி கோப்பிலிருந்து படிக்கும் பில்ரீடர் என்ற சிறு நிரல் என்று வைத்துக்கொள்வோம்.

டைம்அவுட் 60 ஜிடிபி -பேட்ச் -என்எக்ஸ் -இஎக்ஸ் "ரன் < /டெவ்/நல்" -இஎக்ஸ் "பிடி 20" -இஎக்ஸ் "இன்ஃபோ லோக்கல்ஸ்" --ஆர்க்ஸ் ./பில்ட்-டீபக்/பில்ரீடர் சோதனை.சிஎஸ்வி

ஒவ்வொரு துண்டும் ஏன் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஏஜென்டுக்கு அரை வரி போதும். -பேட்ச் கொடுத்தால் கட்டளைகள் முடிந்ததும் ஜிடிபி வெளியேறிவிடும். பக்கம் பக்கமாக நிறுத்தி "மேலும் பார்க்க என்டர் தட்டு" என்பதும், "நிச்சயமா?" என்று கேட்பதும் அதோடு நின்றுவிடும். -என்எக்ஸ், உங்கள் ஹோம் ஃபோல்டரில் இருக்கும் ஜிடிபிஇனிட் கோப்பைப் படிக்காமல் விடச் சொல்கிறது. நீங்கள் அழகுக்காகப் போட்டு வைத்த வண்ணங்களும் சாளரப் பிரிப்புகளும் ஏஜென்டுக்குக் குப்பை எழுத்துகளாகத்தான் போய்ச் சேரும். "பிடி 20" என்பது பேக்ட்ரேஸில் 20 ஃபிரேம் (ஒரு ஃபிரேம் என்றால் ஓர் ஃபங்ஷன் அழைப்பு), "இன்ஃபோ லோக்கல்ஸ்" என்பது அந்த ஃபங்ஷனின் லோக்கல் மாறிகள். /டெவ்/நல் எதற்கு? நிரல் கீபோர்டு இன்புட்டுக்காக உட்கார்ந்துவிடாமல் இருக்க. டைம்அவுட், எல்லாம் கைவிட்ட பிறகும் 60 விநாடியில் முடித்துவைக்க. அப்படி முடிந்தால் எக்ஸிட் கோடு 124 வரும் என்பதையும் எழுதிவிடுங்கள். "நிரல் தொங்கிவிட்டது, தொங்கலுக்கான செய்முறைக்குப் போ" என்று ஏஜென்டுக்கு அதிலிருந்து புரியும்.

கட்டளையைப் போலவே, வரக்கூடிய பதில்களையும் அவற்றின் பொருளையும் எழுதுவது அவசியம். புதிதாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பகுதியைத்தான் விட்டுவிடுகிறார்கள். மேலே உள்ள கட்டளைக்கு எழுத வேண்டியவை:

"எஸ்ஐஜிசெக்வி" என்று வந்து கீழே ஃபிரேம்கள் வந்தால் க்ராஷ் கிடைத்துவிட்டது. நம் சோர்ஸ் ஃபோல்டரில் இருக்கும் முதல் ஃபிரேமிலிருந்து படி.

"எஸ்ஐஜிஅபார்ட்" என்றால் நிரல் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது; மேலே உள்ள சில ஃபிரேம்கள் சி லைப்ரரியுடையவை. அவற்றில் நேரம் செலவிடாதே. கீழே இறங்கி நம் கோடு தொடங்கும் இடத்தைப் பிடி.

"நோ ஸ்டாக்" என்று வந்தால் டீபக்கர் கெட்டுவிட்டது என்று பொருளில்லை. நிரல் க்ராஷ் ஆகாமலே முடிந்துவிட்டது. அதற்கு மேல் வரியில் எக்ஸிட் கோடு இருக்கும். ஜிடிபி அதை எட்டடிமான எண்ணாகக் காட்டும்: 012 என்றால் 10.

ஃபிரேம்களில் கேள்விக்குறிகள் மட்டும் வந்தால் டீபக் தகவல் இல்லாத பைனரி, அல்லது ஸ்டாக் சிதைந்திருக்கிறது. முதலில் மேக் டீபக் ஓட்டிப் பார். அப்போதும் அப்படியே வந்தால், மெமரித் தவறுகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிட்டைசர் போட்டுக் கம்பைல் செய்.

அந்தக் கடைசி வரியை எழுத ஒரு காரணம் உண்டு. மெமரி சிதைவுகளில் க்ராஷ் ஆகும் இடம் ஒன்று, தவறு நடந்த இடம் வேறு. சானிட்டைசர் பெரும்பாலும் தவறு நடந்த இடத்தையே சுட்டிவிடும். டீபக்கர் ஆவணம் என்பதற்காக எல்லாவற்றையும் டீபக்கரிலேயே முடிக்க வேண்டும் என்றில்லை. எப்போது அதை மூடிவைக்க வேண்டும் என்பதும் அதில் இருக்கட்டும்.

மூன்றாம் படி: பிரின்ட்எஃப் ஆசைக்கு ஒரு மாற்று

ஏஜென்டுக்குப் பிரின்ட்எஃப் பிடிக்கும் என்றால் அதையே கொடுத்துவிடலாம். ஜிடிபியில் டிபிரின்ட்எஃப் என்று ஒரு கட்டளை இருக்கிறது. கோப்பின் பெயர், வரி எண், பிரின்ட்எஃப் மாதிரியே ஒரு ஃபார்மட், மாறிகள் — இவ்வளவு சொன்னால் அந்த வரியைக் கடக்கும்போதெல்லாம் மதிப்பை அச்சிட்டுவிட்டு நிரல் நிற்காமல் போகும். சோர்ஸைத் தொட வேண்டாம், மறுபடி கம்பைல் செய்ய வேண்டாம், பிறகு செருகியதையெல்லாம் தேடி அழிக்கவும் வேண்டாம். ஏஜென்ட் மறந்து விட்டுப்போன "இங்கே வந்தது 3" என்ற வரிகளை கமிட்டில் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். "மதிப்பைப் பார்க்க மட்டும் சோர்ஸை மாற்றாதே; டிபிரின்ட்எஃப் பயன்படுத்து" என்று ஒரு விதியும் ஒரு முழு உதாரணமும் கொடுங்கள்.

"இந்த மாறியை யார் மாற்றினார்கள்" என்ற கேள்விக்கு, மதிப்பு மாறும்போது நிரலை நிறுத்தும் வாட்ச்பாயின்ட். கட்டளைகள் நீளும் என்பதால் தனிக் கோப்பில் வைத்து -எக்ஸ் கொடியோடு கொடுப்பது நல்லது: மெயினில் நிறுத்து, ரன், வாட்ச் மொத்தம் (மொத்தம் என்பது மாறியின் பெயர்), ஒவ்வொரு முறை மாறும்போதும் மூன்று ஃபிரேம் காட்டிவிட்டுத் தொடர். இங்கே இரண்டு குழிகள் உண்டு. லோக்கல் மாறியை வாட்ச் செய்தால், ஃபங்ஷனை விட்டு வெளியே வந்ததும் வாட்ச்பாயின்ட் நீங்கி நிரல் நின்றுவிடும். குறிப்பிட்ட மெமரி இடத்தையே கவனிக்க வேண்டுமென்றால் வாட்ச் -எல். இன்னொன்று, எக்ஸ்86 ப்ராசஸரில் இதற்கான ஹார்டுவேர் ரெஜிஸ்டர்கள் நான்குதான். அவை போதாமல் ஜிடிபி சாஃப்ட்வேர் முறைக்கு இறங்கினால் ஒவ்வொரு படியாக ஓட்டிப் பார்க்கும்; நிரல் நத்தையாகிவிடும், டைம்அவுட் வந்துவிடும். இரண்டையும் ஆளுக்கொரு வரியில் எழுதுங்கள்.

எப்போதாவது ஒரு முறை மட்டும் வரும் பிழைகளுக்கு மோசில்லாவில் பிறந்த ஆர்ஆர் என்ற கருவி இருக்கிறது. ஓட்டத்தைப் பதிவு செய்துகொண்டு, அதையே எத்தனை முறை வேண்டுமானாலும், பின்னோக்கியும் ஓட்டிப் பார்க்கலாம். ஒவ்வொரு முறையும் அட்ரஸ்கள்கூட மாறாமல் வருவதால், முந்தைய கட்டளையில் பார்த்த எண்ணை அடுத்த கட்டளையில் பயன்படுத்த ஏஜென்டால் முடியும். உங்கள் மெஷினில் அது ஓடுகிறது என்றால் ஆவணத்தில் கட்டாயம் சேருங்கள்.

தொங்கும் நிரலுக்கும் மற்ற மொழிகளுக்கும்

தொங்கிப்போன ப்ராசஸுக்கு -பி கொடியோடு ப்ராசஸ் எண்ணைக் கொடுத்து, "த்ரெட் அப்ளை ஆல் பிடி 15". இணைந்திருக்கும் நேரம் வரை ப்ராசஸ் நின்றிருக்கும். ஜிடிபி வெளியேறியதும் விலகிக்கொள்ளும், ப்ராசஸ் தொடரும்.

ஆப்பிள் மேக்கில் எல்எல்டிபி என்ற டீபக்கர்தான் எளிது. அங்கேயும் --பேட்ச் உண்டு; -ஓ கொடியில் வழக்கமான கட்டளைகள், -கே கொடியில் க்ராஷ் ஆனால் மட்டும் ஓட வேண்டியவை. -கே வரிசையின் கடைசியில் "க்விட்" சேர்த்துவிடுங்கள்.

பைத்தானில் எதிரி உள்ளேயே இருக்கிறது: யாரோ கோடில் விட்டுவைத்த பிரேக்பாயின்ட் அழைப்பு. பைத்தான் 3.7இலிருந்து இருக்கும் இந்த வசதி ஏஜென்டை அப்படியே நிறுத்திவைத்துவிடும். பைத்தான்பிரேக்பாயின்ட் என்ற சூழல் மாறிக்கு 0 கொடுத்தால் அவை எல்லாம் அடங்கும். பைடெஸ்ட்டில், டீபக்கரைத் திறந்து காத்திருக்கும் --பிடிபி வேண்டாம் என்று எழுதுங்கள். --ஷோலோக்கல்ஸ் கொடுத்தால் தோல்வியான இடத்து மாறிகள் காத்திருப்பின்றி அச்சாகும். தொங்கலுக்கு, ஓடும் ப்ராசஸின் ஸ்டாக்கைக் காட்டும் பைஸ்பை டம்ப். கோ மொழியில் ப்ராசஸுக்கு எஸ்ஐஜிக்விட் அனுப்பினால் எல்லா கோரூட்டீன்களின் ஸ்டாக்கும் கொட்டிவிட்டு நிரல் முடிந்துவிடும். ஜாவாவுக்கு, ஸ்டாக்கைக் காட்டும் ஜேஸ்டாக்.

ஒவ்வொரு அடியாக எடுத்துவைத்துப் பார்த்தே தீர வேண்டிய பிழைகள் சில உண்டு. அதற்கு டிமக்ஸ் (பின்னணியில் ஓடும் டெர்மினல்) செஷனில் டீபக்கரை ஓடவிட்டு, சென்ட்-கீஸ் மூலம் தட்டி, கேப்சர்-பேன் மூலம் படிக்கச் சொல்லலாம். வேலை நடக்கும், ஆனால் மெதுவாக, நிறைய டோக்கன் (மாடல் படிக்கும் சொல்துண்டு) செலவில். கடைசி வழி என்று குறித்துவையுங்கள்.

நான்காம் படி: வெளியீட்டை அடக்குங்கள்

நூறு த்ரெட் உள்ள நிரலில் வரம்பில்லாமல் பேக்ட்ரேஸ் எடுத்தால், ஏஜென்டின் கான்டெக்ஸ்டில் அதுவே பெரும்பங்கை விழுங்கிவிடும்; நீங்கள் முதலில் என்ன கேட்டீர்கள் என்பதே மங்கிப்போகும். ஆகவே ஃபிரேம் எண்ணிக்கையை எப்போதும் குறிப்பிடச் சொல்லுங்கள். நீளமாக வரக்கூடியதைக் கோப்பில் சேமித்து, க்ரெப் செய்து படிக்கச் சொல்லுங்கள். ஜிடிபி இயல்பாக ஒரு சரத்தில் 200 எழுத்து வரை காட்டிவிட்டு மூன்று புள்ளி வைக்கும். அது காட்சியின் எல்லைதான், தரவு அங்கே அறுபடவில்லை. இதை எழுதிவைக்காவிட்டால் "சரம் 200ஆம் எழுத்தில் வெட்டப்படுகிறது, பஃபர் சிறியது" என்று இல்லாத பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தவும் செய்யும்.

தமிழ்த் தரவைக் கையாளும் நிரல் என்றால் இன்னொன்றும் உண்டு. பல கண்டெய்னர் இமேஜ்களில் லோக்கேல் (மொழி, எழுத்துமுறை அமைப்பு) அமைக்கப்பட்டிருக்காது. அப்போது ஜிடிபி தமிழ் எழுத்துகளைச் சாய்கோடும் எண்களுமாகக் காட்டும். "அ" என்ற ஓர் எழுத்து \340\256\205 என்று வரும். வாடிக்கையாளர் பெயர் முழுவதும் இப்படி வந்தால் மெமரி சிதைந்துவிட்டது என்று ஏஜென்ட் முடிவு கட்ட வாய்ப்பு அதிகம். லேங் மாறிக்கு சி.யூடிஎஃப்-8 என்று மதிப்புக் கொடுத்துவிட்டு ஜிடிபியை ஓட்டச் சொல்லுங்கள். ஒரு தமிழ் யூனிகோட் குறிக்கு மூன்று பைட் ("கி" போன்ற எழுத்துக்கு இரண்டு குறி, ஆறு பைட்) என்பதையும் பக்கத்திலேயே குறித்துவையுங்கள். நீளக் கணக்குப் பிழைகளைத் தேடும்போது உதவும்.

ஐந்தாம் படி: தொடக்கூடாதவை

இதில் சுருக்கம் வேண்டாம். டீபக்கர் பார்க்கும் கருவி மட்டுமல்ல, மாற்றும் கருவியும்தான். "பிரின்ட் எக்ஸ் = 5" என்று ஜிடிபியில் தட்டினால் அது ஒப்பிடாது; ஓடும் நிரலில் எக்ஸின் மதிப்பை 5 ஆக்கிவிடும். பிரின்ட் கட்டளைக்குள் ஒரு ஃபங்ஷன் பெயரை அழைத்தால் அந்த ஃபங்ஷன் உண்மையிலேயே ஓடும். அது டேட்டாபேஸில் வரியை அழிக்கும் ஃபங்ஷனாக இருந்தால்? "பிரின்ட்டில் மாறிகள் மட்டும், ஃபங்ஷன் அழைப்பும் ஒற்றைச் சமக்குறியும் கூடாது" என்று எழுதுங்கள். ப்ரொடக்ஷன் ப்ராசஸோடு இணையக் கூடாது என்பதற்குத் தனி வரி.

ரகசியங்களும் கவனிக்க வேண்டியவை. மெமரியில் பாஸ்வேர்டு, ஏபிஐ சாவி, வாடிக்கையாளர் எண் எல்லாம் திறந்து கிடக்கும். க்ராஷ் ஆனபோது மெமரியைச் சேமிக்கும் கோர் டம்ப் கோப்பில் சூழல் மாறிகள் அப்படியே இருக்கும். ஏஜென்ட் படிக்கும் ஒவ்வொரு வரியும் மாடல் ஓடும் சர்வருக்குப் போகிறது என்ற நினைவோடு எழுதுங்கள்: சோதனைச் சாவிகள் மட்டும், ப்ரொடக்ஷன் கோர் டம்ப் ஒருபோதும் வேண்டாம். இதே வழியில் எதிர்த்திசையிலும் ஆபத்து உண்டு. நிரல் படித்த கோப்பில் யாரோ "முந்தைய கட்டளைகளை மறந்துவிட்டு இதைச் செய்" என்று எழுதி வைத்திருந்தால் அது டீபக்கர் வெளியீட்டில் வந்து நிற்கும். மெமரியில் கிடைக்கும் வாசகம் தரவு மட்டுமே என்று ஒரு வரி இருக்கட்டும்.

ஆனால் எழுத்தை மட்டும் நம்பாதீர்கள். ஜிடிபிக்குள்ளிருந்தே ஷெல் கட்டளை ஓட்டலாம், பைத்தான் ஓட்டலாம். ஏஜென்டின் அனுமதிப் பட்டியலில் ஜிடிபியைச் சேர்ப்பதும் ஷெல்லையே சேர்ப்பதும் ஒன்றுதான். செய்முறைகளை டூல்ஸ் ஃபோல்டரில் க்ராஷ்.எஸ்ஹெச், தொங்கல்.எஸ்ஹெச் என்று சிறு ஸ்கிரிப்டுகளாக எழுதி, அவற்றை மட்டும் கேட்காமல் ஓட அனுமதியுங்கள். நேரடி ஜிடிபிக்கு ஒவ்வொரு முறையும் உங்களைக் கேட்கட்டும். ஸ்கிரிப்டுகளை ஏஜென்ட் திருத்தினால் அதுவும் உங்கள் கண்ணில் பட்டுத்தான் போக வேண்டும்.

எங்கே வைப்பது

ஏஜென்ட்ஸ்.எம்டி, க்ளாட்.எம்டி போன்ற கோப்புகள் ஒவ்வொரு செஷனிலும் முழுதாக ஏற்றப்படுபவை. அங்கே மூன்று நான்கு வரி போதும்: டீபக் பில்ட் கட்டளை, ஸ்கிரிப்டுகளின் பெயர், "விவரத்துக்கு டாக்ஸ் ஃபோல்டரில் டீபக்கிங்.எம்டி படி". மீதி எல்லாம் அந்தக் கோப்பில். தேவைப்படும்போது மட்டும் முழுதாக ஏற்றப்படும் ஸ்கில் வடிவம் உங்கள் ஏஜென்டில் இருந்தால் இன்னும் வசதி. அதன் விவர வரியில் "செக்ஃபால்ட், அபார்ட், தொங்கல் வரும்போது" என்று அறிகுறிகளைச் சொல்லுங்கள். "டீபக்கிங் உதவி" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால், எப்போது திறக்க வேண்டும் என்று அதற்குத் தெரியாது.

ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் வெளியிட்ட எம்சிபி (ஏஜென்டோடு வெளிக் கருவிகளை இணைக்கும் நெறிமுறை) வழியாக டீபக்கரைக் கொடுப்பவர்களுக்கு, டூலின் விவரக்குறிப்புதான் ஆவணம். "டீபக்கரை ஓட்டும்" என்பது விவரம் ஆகாது. "பைனரியையும் அதன் ஆர்க்யுமென்டுகளையும் வாங்கும், சிக்னல், முதல் 20 ஃபிரேம், மேல் ஃபிரேமின் லோக்கல் மாறிகள் ஆகியவற்றைத் தரும், க்ராஷ் ஆகாவிட்டால் எக்ஸிட் கோடு தரும், 60 விநாடிக்கு மேல் ஓடாது" — இப்படி எழுதுங்கள். பிழைச் செய்தியிலும் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது இருக்கட்டும்: "டீபக் தகவல் இல்லை, மேக் டீபக் ஓட்டிவிட்டு மறுபடி அழை."

மொழி பற்றி ஒரு வார்த்தை. தமிழில் எழுதினாலும் இன்றைய மாடல்களுக்குப் புரியும். அதே விஷயத்துக்கு ஆங்கிலத்தை விடத் தமிழுக்கு டோக்கன் கூடுதலாகச் செலவாகும். எப்போதும் ஏற்றப்படும் சிறு கோப்பை ஆங்கிலத்திலும், குழுவில் உள்ளவர்களும் உட்கார்ந்து படிக்கும் பெரிய கோப்பை உங்களுக்கு வசதியான மொழியிலும் வைத்துக்கொள்வது என் வழக்கம்.

கடைசிப் படி: புது செஷனில் சோதியுங்கள்

தனி பிராஞ்சில் ஒரு பிழையை வேண்டுமென்றே விதையுங்கள். உதாரணமாக, சிஎஸ்வியில் காலியான புலம் வந்தால் நல் பாயின்டரைத் தொடும்படி. எந்தப் பேச்சும் மிச்சமில்லாத புது செஷனில் "சோதனை.சிஎஸ்வி கொடுத்தால் க்ராஷ் ஆகிறது, காரணம் என்ன" என்று மட்டும் கேளுங்கள். டீபக்கர் என்ற சொல்லையே சொல்லாதீர்கள். முதல் கட்டளை க்ராஷ்.எஸ்ஹெச் ஆக இருக்கிறதா, பில்ட் கட்டளையை ஊகிக்கிறதா, வெளியீட்டில் எந்த வரியைத் தவறாகப் படிக்கிறது என்று பாருங்கள். தடுக்கிய இடத்துக்கு மட்டும் ஒரு வரி சேருங்கள். ஒருமுறைகூட உதவாத வரியை எடுத்துவிடுங்கள். க்ராஷ், தொங்கல், தவறான மதிப்பு என்று மூன்று வகைக்கும் ஆளுக்கொரு விதைத்த பிழை வைத்திருந்தால், மாடல் மாறும்போதும் இதே சோதனையை ஓட்டலாம்.

மேக்ஃபைலில் யாராவது ஃபோல்டர் பெயரை மாற்றினால் ஆவணம் அன்றே பொய்யாகிவிடும். ஏஜென்டோ அதை நம்பி நடக்கும். அதனால் விதைத்த பிழையுள்ள சிறு நிரல் ஒன்றை ரிப்போவிலேயே வைத்து, க்ராஷ்.எஸ்ஹெச் அதன்மீது ஓடும்போது எதிர்பார்த்த ஃபங்ஷன் பெயர் வெளியீட்டில் வருகிறதா என்று சிஐயில் (ஒவ்வொரு மாற்றத்துக்கும் தானாக ஓடும் சோதனையில்) ஒரு வேலையாகச் சேர்த்துவிடுங்கள். பெயர் வராவிட்டால் பில்ட் சிவப்பாகட்டும்.